பெரட்டுக் களத்தில் ஒரு டிரம் செட்

நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்தின் பெயர் கடல் கடந்து வந்தது. யார்க்‌ஷையரில் ராம்ஸ்டன் குடும்பத்துக்கு ஒரு மாளிகை இருந்தது. அதன் பெயர்தான் பைராம். செபராங் பிறையில் அந்தக் குடும்பம் வைத்திருந்த கரும்புத் தோட்டங்களில் இந்தப் பைராமும் ஒன்று, கலிடோனியாவும் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. விடிவதற்கு முன்பே பெண்களும் பெரட்டுக்கு நின்றார்கள், கிராணி பெயர் கூப்பிட்டார், வெட்டுக்குப் போனார்கள். கூலி மட்டும் ஆணைவிடக் குறைவு.

தோட்டத்தின் ஓசைகளை நினைத்துப் பார்க்கிறேன். சாவு வீட்டில் தப்பு, மாரியம்மன் திருவிழாவில் உருமி. அடித்தவர்கள் ஆண்கள். பெண்களுக்குத் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. குரல் அவர்களுக்கு உண்டு, கும்மிக்குக் கைத்தாளமும் உண்டு. தோலைக் கட்டிய கருவியைத் தோளில் மாட்டும் உரிமை இல்லை. தமிழ்நாட்டிலும் கதை இதேதான். மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தபோது ஊர் வியந்தது. அவர் பாடியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

மின்கிட்டார் வந்தபோதும் இந்த வரம்பு அழியவில்லை. பினாங்கு தந்த புகழ்பெற்ற இசைக்குழு அல்லிகேட்ஸ். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதையும் கட்டிப்போட்டார்கள். அவர்களால் நமக்குப் பெருமை. அதே தெருவில் வளர்ந்த அவர்கள் வயதுப் பெண்ணிடம் யாராவது ஒரு கிட்டாரைக் கொடுத்து, 'சத்தமாக வாசி' என்று சொல்லியிருப்பார்களா? வீட்டில் அவள் சிரிப்புச் சத்தத்தையே குறைக்கச் சொன்ன காலம் அது.

'சத்தமாக வாசி' என்று சிறுமிகளிடம் சொன்ன இடமும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2001இல் மிஸ்டி மெக்எல்ராய் என்ற மாணவி, தன் பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாகச் சிறுமிகளுக்கென்று ஒரு கோடைகால ராக் இசை முகாம் நடத்தினார். பிள்ளைகள் கருவியைத் தேர்ந்தெடுத்து, முன்பின் அறியாதவர்களோடு குழு சேர்ந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டி, முகாமின் முடிவில் மேடையேறினார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் பெண்கள். தற்காப்புப் பயிற்சியும் உண்டு. இன்று பல நாடுகளில் அப்படி முகாம்கள் நடக்கின்றன. ஒரு வாரத்தில் யாரும் வித்வான் ஆவதில்லை. அதை அங்கே யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. தப்பாக வாசித்தாலும் நிறுத்தாமல் வாசிக்கலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண் பத்துப் பேர் முன்னிலையில் அறிந்துகொள்கிறாள். நம் பிள்ளைகளுக்கு அது கிடைப்பது மிக அரிது.

இது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்பவர்கள் 1943ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டிய கைகள் பல. கால்சட்டை போட்டார்கள், துப்பாக்கி பிடித்தார்கள், அணிவகுத்துப் பாடினார்கள். ஈப்போவின் ராசம்மாள் பதினாறு வயதில் அக்காவோடு போய்ச் சேர்ந்தார். பின்னாளில் ராசம்மாள் பூபாலன் என்று நாடு அறிந்த அவர், 1960இல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டார். போரில் தோல்வி வந்தது, படை கலைந்தது. முகாமில் நிமிர்ந்த முதுகு பிறகு வளையவில்லை. போருக்காக நடந்த முகாமை இசை முகாமோடு சேர்த்துப் பேசுவது சரியா என்று எனக்கும் தயக்கம் உண்டு. ஆனாலும் வீட்டுக் கண்களுக்கு அப்பால், தன் வயதுப் பெண்களோடு, கனமான ஒன்றைக் கையில் தூக்கிப் பழகுவது அந்த வயதில் என்ன செய்யும் என்பதற்கு நம் மண்ணில் அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சாட்சி திண்டுக்கல்லில் இருக்கிறது. அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு 1990 முதல் தலித் பெண்களுக்குப் பறையடிக்கக் கற்றுத்தருகிறது. பறை அவர்கள் சாதியின் மேல் ஊர் சுமத்திய இழிவு. சாவுக்கு அடிக்க வைத்த கருவி. அதையே இந்தப் பெண்கள் காலில் சலங்கை குலுங்க அடிமுறை மாற்றி ஆடி அடிக்கும்போது, ஊர் சொன்ன சாதியும் ஊர் சொன்ன அடக்கமும் ஒரே அடியில் விழுகின்றன. ராக் முகாம்களில் இந்த இரட்டைச் சுமை இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு முகாம் வந்தால், அது திண்டுக்கல்லிலிருந்தும் கற்கவேண்டும்.

பைராமில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று இல்லை, ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தான். ஆனால் நீண்ட பள்ளி விடுமுறை உண்டு, அப்போது வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும், பெண் பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு கைப்பேசியோடு வீட்டில் இருப்பார்கள். அந்த நாள்களில் ஒரு வாரம் போதும். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட், பக்கத்திலேயே தப்பும் உருமியும். கற்றுத்தரப் பெண்கள். பாட்டு பிள்ளைகளே எழுதட்டும், அவர்கள் பேசும் தமிழில், மலாய் கலந்தால் கலக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடுகின்றன, இதற்கும் போடலாம்.

கடைசி நாள் மாலை நிகழ்ச்சியைத் திடலில், திறந்தவெளியில் வையுங்கள். முதல் வரிசை நாற்காலிகள் பால்வெட்டி ஓய்ந்த பாட்டிமார்களுக்கு. பேத்தி டிரம்மின் பின்னால் உட்கார்ந்து, குச்சிகளை நான்கு முறை தட்டி, ஆரம்பிக்கட்டும்.