இரண்டாவது கயிறு

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தில் கருப்பட்டிப் பணியாரம் பரிமாறினோம். சுவைத்து மகிழ்ந்த வடநாட்டு நண்பர் ஒருவர், “இந்தக் கருப்பட்டி எந்த ஆலையில் செய்வது?” என்று கேட்டார். “ஆலையில் அன்று, 60 அடி உயரத்தில் தொடங்குவது” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடன்குடிப் பக்கத்தில் பனையேறியாக வாழ்ந்தவர் என் தாத்தா. 30 பனைகள், காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஆக, நாளொன்றுக்கு 60 ஏற்றம். முதற்சில அடிகள் ஏற முருக்குத்தடி, கால்களைப் பிணைக்கத் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி. ஏறுவதற்கு வேண்டியவை எல்லாம் அவரிடம் இருந்தன. விழுந்தால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் உச்சிக்குள் புகும்போது பற்றிய மட்டை கையோடு வந்துவிட்டது. உயிர் பிழைத்தார், பிறகு நிமிர்ந்து நடக்கவில்லை.

60 அடியிலிருந்து விழும் உடல் 2 வினாடிக்குள் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். “கைதேர்ந்தவன் விழமாட்டான்” என்பர் சிலர். என் தாத்தாவினும் கைதேர்ந்தவர் யார்? உளுத்த மட்டைக்குத் திறமை தெரியுமா?

தென்னைக்கு ஓரளவு வழி பிறந்துவிட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு முதல் இளைஞர்க்கு ஏறு கருவியும் பயிற்சியும் காப்பீடும் அளித்தது. ஆனால், தென்னையில் உச்சிக்குக் கீழே நின்றே குலையை வெட்டலாம். பனையிலோ மட்டைகளுக்கிடையே புகுந்து அமர்ந்து பாளை சீவ வேண்டும். தண்டை விட்டு மட்டைக்கு மாறும் அந்த நொடியே எமன். ஏறு கருவி அங்கே துணைவராது.

வேண்டுவது, இடுப்பையும் தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் வாரும், அதில் பூட்டிய இரண்டு கயிறுகளும். ஒன்றை மேலே மாட்டிய பின்னரே மற்றொன்றைக் கழற்ற வேண்டும். அரிவாள் பட்டு அறாதிருக்கக் கயிற்றினுள் எஃகுக் கம்பி இருத்தல் நலம். கீழே ஒரு துணையாள் கட்டாயம் வேண்டும். வாரில் மயங்கித் தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிடில் அந்த வாரே உயிருக்கு உலையாகும்.

“அறுபது தடவை கொக்கி மாட்டினால் பொழுது போய்விடுமே!” தாத்தாவே இப்படித்தான் சொல்வார். உண்மைதான். இறக்கும் பதநீரைப் பொறுத்தே வருவாய் என்றால், காக்கும் கயிறு அவருக்குச் சுமையாகவே தோன்றும். ஆகவே, அந்தக் காலத்தாழ்வின் விலையைப் பனையேறி ஒருவரே சுமப்பது முறையன்று. கருப்பட்டி உண்ணும் நாமும் சுமக்க வேண்டும். சர்க்கரை கலந்த மலிவுச் சரக்கைத் தேடிக்கொண்டே பனையேறிக்காக இரங்குவது வெறும் பேச்சு.

நண்பர்களே, ஒன்று சொல்வேன். வரும் பொங்கலுக்கு மேடை அலங்காரத்தைக் குறைப்போம். மிஞ்சும் பணத்தில் இரண்டு வார்களும் நான்கு கயிறுகளும் வாங்குவோம். நம் பொறியியல் மாணவர்கள் அவற்றை எடுத்துச் சென்று பனையேறிகளிடம் தரட்டும். எங்கே இறுக்குகிறது, எங்கே தடுக்கிறது என்பதை அவர்கள் சொல்லட்டும்; நாம் கேட்டுத் திருத்துவோம். அதற்கு அடுத்த பொங்கலில், “இது எங்கே செய்தது?” என்று அந்த நண்பர் மீண்டும் கேட்டால், நானும் அவரோடு சிரிப்பேன்.