திருத்தங்கல் எங்கே போனது?

மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது, மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு கதை சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் வரும் அந்தக் கதை நடக்கும் ஊரின் பெயர் தங்கால். இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல்தான் அது என்று தமிழறிஞர்கள் சொல்வதுண்டு.

சேர மன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு சோழ நாட்டுக்குத் திரும்பிய பராசரன் என்ற அந்தணர், வழியில் தங்காலில் இளைப்பாறினார். அங்கே கூடிய சிறுவர்களில் ஒருவன், மழலை மாறாத வாயால் வேதத்தைப் பிழையில்லாமல் ஓதினான். மகிழ்ந்துபோனவர் பொன் நகைகளை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழை வீட்டில் திடீரென்று பொன் மின்னினால் ஊர்க் கண் சும்மா இருக்குமா? ‘புதையல் எடுத்ததை அரசனிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான்’ என்று சிறுவனின் தந்தை வார்த்திகனை அரசனின் ஆட்கள் சிறையில் போட்டார்கள்.

வார்த்திகனின் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. அதன் பிறகுதான் பாண்டியன் விசாரித்தான். தவறு தெரிந்ததும் வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தான். கதவு திறந்தது. சிறையில் இருப்பவர்களையும் வரி பாக்கிக்காரர்களையும் விடுவிக்கவும், புதையல் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று அறிவிக்கவும் முரசறையச் சொன்னான்.

தங்காலில் ஒரு பெண் அழுததால் மதுரையில் சட்டம் மாறியது. கதையின் பெருமை அது. ஆனால் இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது. தங்கால் என்ற ஊரே ஒருவருக்குக் கொடையாகக் கைமாறியது. அந்த ஊர்க்காரர்களிடம் யாராவது கேட்டார்களா? கதையில் அப்படி ஒரு வரி இல்லை.

பலகையில் இல்லாத பெயர்

2021 ஆகஸ்டில், தமிழகச் சட்டமன்றத்தில் நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் கே.என்.நேரு ஆறு புதிய மாநகராட்சிகளை அறிவித்தார். தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி. சிவகாசி நகராட்சியும் திருத்தங்கல் நகராட்சியும் சேர்ந்து அந்த ஆண்டு அக்டோபரில் சிவகாசி மாநகராட்சி ஆயின. திருத்தங்கல் நகராட்சி என்ற அமைப்பு அத்துடன் முடிந்தது.

திருத்தங்கல் எங்கும் போய்விடவில்லை. விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் அந்தப் பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றின் மேல் நிற்கிறது. திருப்பரங்குன்றம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்காக அந்த ஊருக்குப் போகிறவர்கள் யாரும் பெயரை மாற்றிச் சொல்வதில்லை. ஊரின் பெயர் அரசாணையால் அழிவதில்லை.

போனது வேறு ஒன்று. ஊருக்கென்று இருந்த மன்றம். வரி எவ்வளவு, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எங்கே குப்பைக் கிடங்கு என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே உட்கார்ந்து பேசும் இடம்.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியில் 71,040 பேர், திருத்தங்கலில் 55,362 பேர். இரண்டையும் கூட்டினால் 1,26,402. சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேர் திருத்தங்கல்காரர்கள். பெரிய ஊரோடு ஒட்டிக்கொண்ட குட்டி ஊர் என்று இதைச் சொல்ல முடியாது.

முன்பு சிவகாசியில் 33 வார்டுகள், திருத்தங்கலில் 21 வார்டுகள். மொத்தம் 54. புதிய மாநகராட்சியில் 48. ஆறு கவுன்சிலர்கள் குறைந்தார்கள். அதனால் திருத்தங்கலுக்குத்தான் நஷ்டம் என்று தோன்றலாம். வகுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. திருத்தங்கலில் முன்பு ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 2,636 பேர். இப்போது மாநகராட்சி முழுவதும் சராசரியாக 2,633 பேர். மாறியது சிவகாசிக்காரர்களின் பங்குதான். அவர்களுக்கு முன்பு 2,153 பேருக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார்.

அப்படியானால் திருத்தங்கல் எதையும் இழக்கவில்லையா? இழந்தது. தன் மன்றத்தில் முழுக்க முழுக்க தானே இருந்த ஊர், இப்போது பாதிக்கும் குறைவான மக்கள்தொகையோடு இன்னொரு ஊரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தனக்கு மட்டும் வேண்டியதைக்கூட அடுத்த ஊர்க் கவுன்சிலர்களையும் இணங்கவைத்துத்தான் வாங்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளக்காமலே புரியும். அடுப்பு ஒன்றானால் செலவு மிச்சம். ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு என்பதைத் தனியாக முடிவு செய்ய முடியாது.

கிடைத்ததும் உண்டு. இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் எல்லை பார்த்து நிற்பதில்லை. இரண்டு நகராட்சிகள் தனித்தனியாகத் திட்டம் போடுவதைவிட ஒரே திட்டமாகப் போடுவது எளிது. 1920-ல் நகராட்சியான சிவகாசிக்கும் அதன் அண்டை ஊருக்கும் ஒரே நிர்வாகம் என்பதில் நியாயம் இருக்கிறது. கேள்வி, அதை யார் தீர்மானித்தார்கள் என்பதுதான்.

ஊரின் சாசனம் யார் கையில்?

அமெரிக்காவில் பல நகரங்களுக்கு ‘நகரச் சாசனம்’ என்று ஒன்று உண்டு. மேயருக்கு என்ன அதிகாரம், மன்றத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத் திருத்த வேண்டுமென்றால் மன்றம் கூடி ஆராயும். பல நகரங்களில் கடைசியில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத்தான் திருத்தம் நிறைவேறும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1999-ல் தன் புதிய சாசனத்தை இப்படித்தான் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டது. அக்கம்பக்கத்து மக்களே கூடிப் பேசும் குடியிருப்பு மன்றங்களுக்கு அந்தச் சாசனம் வழி செய்தது.

நமக்கும் சாசனம் புதிதல்ல. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், 1687 டிசம்பரில் மதராஸுக்குச் சாசனம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி அது.

இன்று நம் ஊர்களுக்குத் தனிச் சாசனம் கிடையாது. மாநிலச் சட்டம்தான் சாசனம். 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலை உறுதி செய்தது. ஆனால் எது பேரூராட்சி, எது நகராட்சி, எது மாநகராட்சி என்பதை மாநில அரசின் அறிவிக்கையே முடிவு செய்யும். மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத வேலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஊர் மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லவில்லை.

மேயர் தேர்தலும் அப்படியே. 2011-ல் தமிழக மக்கள் மேயர்களை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மாற்றம் சட்டமன்றத்தில் நடந்தது. சிவகாசி மாநகராட்சியின் முதல் மேயராக சங்கீதா இன்பம் 2022 மார்ச்சில் இப்படித்தான் பொறுப்பேற்றார். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்ற 2016-ன் மாற்றமும் கோட்டையில் எழுதப்பட்டதுதான். அங்கிருந்து வருவதெல்லாம் கெடுதல் என்று எண்ண வேண்டாம். எழுதப்படும் இடம் தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வரி ரசீது வந்தபோது

புதிய மன்றங்கள் பொறுப்பேற்ற சூடு ஆறுவதற்குள், 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம்.

‘மாநகராட்சி ஆனதால்தான் வரி ஏறியது’ என்று திருத்தங்கலில் ஒருவர் நினைத்தால் குறை சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்குள் இரண்டும் வந்தன. ஆனால் அந்த உயர்வு மாநிலம் முழுக்க, நகராட்சிகளுக்கும் சேர்த்து வந்தது. ஒன்றிய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையை மாநில அரசு காரணமாகச் சொன்னது. டெல்லியில் ஒரு நிபந்தனை, சென்னையில் ஓர் ஆணை, ஊரில் ஒரு ரசீது. நடுவே உள்ளூர் மன்றங்கள் தீர்மானம் போட்டு நிறைவேற்றின.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காரணம் தெரியாதபோது கோபம் தவறான வாசலில் போய் நிற்கும். எந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

ஒரு நாள் கூலிக் கேள்வி

கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். ஊரே உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். நகரத்துக்கு அப்படி ஒன்று இல்லாமல் இருந்தது. வார்டு குழு கட்டாயம் என்று அரசியல் சட்டம் சொல்வதுகூட 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்தாலும் அதில் பாதிகூட இல்லை.

2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த விதிகள் இந்த ஓட்டையை அடைத்தன. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு சபை. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்கப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஊருக்கென்று இருந்த மன்றம் போன இடத்தில் தெருவுக்கு ஒரு சபை வந்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால், நகராட்சிக் காலத்தில் இல்லாத உரிமை இது.

ஆனால் சபை எத்தனை மணிக்கு? வேலை நாளில் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால், பட்டாசு ஆலைக்கு அதிகாலையிலேயே கிளம்பிவிடும் ஒரு பெண் அதில் எப்படி உட்காருவார்? போனால் ஒரு நாள் கூலி போச்சு. போகாவிட்டால் அவர் தெரு விளக்கைப் பற்றி வேறு யாரோ பேசுவார்கள், அல்லது யாருமே பேச மாட்டார்கள். திருத்தங்கல் மாதிரித் தொழிலாளர் ஊரில், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைப்பது சட்டத் திருத்தம் எதுவும் கேட்காத சீர்திருத்தம். கவுன்சிலரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்த ஊர்களுக்கு

சிவகாசியைச் சுற்றி விஸ்வநத்தம், சித்துராஜபுரம், ஆனையூர், பள்ளபட்டி, நாரணாபுரம் என்று பெரிய ஊராட்சிகள் இருக்கின்றன. மாநகராட்சிகள் வளரும்போது பக்கத்து ஊராட்சிகளைச் சேர்ப்பது தமிழ்நாட்டில் வழக்கம். 2011-ல் சென்னை தன் எல்லையை 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரித்தபோது 42 உள்ளாட்சிகள் அதற்குள் போயின.

ஊராட்சி நகரமாகும்போது கிராம சபை நின்றுவிடும். ஊரக வேலைத் திட்டத்தில் கிடைக்கும் வேலையும் நின்றுவிடும். வயதானவர்களும் பெண்களும் நம்பியிருக்கும் வருமானம் அது. பதிலுக்குச் சாலை, விளக்கு, குடிநீர், துப்புரவுப் பணியில் முன்னேற்றம் வரலாம். எது லாபம் என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதனால்தான் கேட்க வேண்டும் என்பது.

இணைப்புக்கு முன்பு அரசு தன் உத்தேசத்தை அறிவிக்கும். குறித்த நாட்களுக்குள் ஆட்சேபமோ கருத்தோ எழுத்தில் கொடுக்கலாம். அந்த அறிவிப்பு பெரும்பாலும் அரசிதழிலும் பேப்பரின் ஒரு மூலையிலும் வரும். ஊர் டீக்கடைக்குச் செய்தி வந்து சேரும்போது நாள் முடிந்திருக்கும். ஊரில் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் நாலு வரித் தமிழில் எழுதி அனுப்புவது. மன்றத் தீர்மானத்தின் நகல் வேண்டுமா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கார்த்திகை அழுதபோது பாண்டியனுக்குத் தெரியவில்லை. கோயில் கதவு மூடிக்கொண்ட பிறகுதான் அவன் காதுக்கு விஷயம் எட்டியது. இன்று எந்தக் கொற்றவையும் கதவைச் சாத்திக்கொண்டு நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. அடுத்த பகுதி சபை என்றைக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கவுன்சிலருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும். அழைப்பு வரவில்லை என்றால், அதையே முதல் புகாராக எழுதிக் கொடுக்கலாம்.