கரும்பு போட்டவரே ஆலைக்கு முதலாளி!

கரும்பு காத்திருக்காத பயிர்.

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். விலை ஏறட்டும் என்று பொறுத்திருக்கலாம். கரும்பு அப்படி அல்ல. வெட்டிய மறுநாளே காயத் தொடங்கும். எடை குறையும். இனிப்பும் இறங்கும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்லது.

அதனால் என்ன ஆகிறது? பக்கத்து ஆலைக்காரர் சொல்வதுதான் விலை! "கட்டாது" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போக விவசாயியால் முடியாது.

அந்த ஆலையே விவசாயிகளின் சொத்தாக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு மராட்டிய நாட்டு விவசாயிகள் 1950-ல் விடை கண்டார்கள்.

வெல்லம் காய்ச்சியவர்கள்

அகமதுநகர் ஜில்லா. இப்பொழுது அதற்கு அகில்யாநகர் என்று பெயர். பிரவரா ஆற்றின் கால்வாய்ப் பாசனத்தில் அங்கே கரும்பு விளைந்தது. விவசாயிகள் அதை வெல்லமாகக் காய்ச்சி விற்றார்கள். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் விலைகள் சரிந்தன. வெல்லத்தின் விலையும் சரிந்தது. கடன் ஏறியது. சிலர் தங்கள் நிலத்தைச் சர்க்கரைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

அந்த ஜில்லாவில் லோணி என்று ஓர் ஊர். அந்த ஊர் விவசாயி விட்டல்ராவ் விகே பாட்டீல். பெரிய படிப்பு இல்லாதவர். அவர் ஊர் ஊராகச் சென்று பங்குப் பணம் திரட்டினார். அவருக்குத் துணை நின்றவரோ பெரிய படிப்பாளி! பூனாவில் கோகலே பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த தனஞ்சயராவ் காட்கில். காட்கில் ஆலையின் தலைவர் ஆனார். பம்பாய் சர்க்காரும் பங்கு எடுத்துக்கொண்டது. தொழில் நிதிக் கார்ப்பரேஷன் கடன் கொடுத்தது. 1950-51 பருவத்தில் பிரவரா ஆலை கரும்பு அரைத்தது.

ஆந்திரப் பகுதியில் 1930-களிலேயே கூட்டுறவு ஆலை முயற்சி நடந்தது உண்டு. ஆனாலும் அது பெரிய இயக்கமாக வளர்ந்தது மராட்டியத்தில்தான்.

சக்கையும் காசு

ஆலை கையில் இருந்தால் என்ன லாபம்?

100 கிலோ கரும்பைப் பிழிந்தால் சுமார் 10 கிலோ சர்க்கரை கிடைக்கும். ஏறக்குறைய 30 கிலோ சக்கை மிஞ்சும். 4 கிலோ அளவுக்குக் கழிவுப்பாகு வடியும். சக்கையை எரித்து ஆலையின் கொதிகலனை ஓட்டலாம், மின்சாரமும் எடுக்கலாம். கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் வடிக்கலாம். இன்று பெட்ரோலில் கலக்கிறார்களே எத்தனால், அது இதிலிருந்தும் வருகிறது.

வெறும் கரும்பை விற்றவருக்குக் கரும்பின் விலை மட்டும்தான். சர்க்கரை, சக்கை, பாகு எல்லாம் ஆலைக்காரரைச் சேரும். விவசாயியே ஆலைக்காரர் என்றால் அந்த வருமானமும் கரும்பு விலையாக அவரிடமே திரும்பி வரும். கூட்டுறவு ஆலையின் சாரமே இதுதான்.

இன்னொன்றும் உண்டு. தனியார் கம்பெனியில் பங்கு அதிகம் உள்ளவருக்கு ஓட்டும் அதிகம். கூட்டுறவில் ஆளுக்கு ஓர் ஓட்டு. அரை ஏக்கர்காரருக்கும் ஒன்று, ஐம்பது ஏக்கர்காரருக்கும் ஒன்று!

பிரவராவைப் பார்த்துப் பல ஆலைகள் எழுந்தன. ஆலையைச் சுற்றிப் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன.

நாற்காலிச் சண்டை

பிறகு ஏன் பல ஆலைகள் நொடித்துப் போயின?

ஆயிரக்கணக்கான அங்கத்தினர்கள் உள்ள ஆலை என்றால் ஆயிரக்கணக்கான ஓட்டு. அது அரசியல்வாதிகளின் கண்ணில் படாமல் இருக்குமா? ஆலைத் தலைவர் நாற்காலி, சட்டசபைக்கு ஏறும் படிக்கட்டு ஆயிற்று. வேண்டியவர்களுக்கெல்லாம் வேலை. திருப்ப முடியாத கடன். சட்டப்படி ஆளுக்கு ஓர் ஓட்டுதான். ஆனால் மகாசபையில் வாய் திறந்து கணக்குக் கேட்கும் சிறு விவசாயிக்கு, அடுத்த பருவத்தில் வெட்டு உத்தரவு தாமதமானால் என்ன செய்வது என்ற பயம் இருக்காதா?

ஆலைகளுக்குக் கடன் கொடுத்துவந்தது மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கி. 2011-ல் அதன் நிர்வாகக் குழுவையே ரிசர்வ் வங்கி கலைத்தது. நலிந்த ஆலைகள் பல ஏலத்துக்கு வந்து தனியார் கைக்குப் போயின. மராட்டியத்தில் கரும்பு அரைக்கும் ஏறக்குறைய 200 ஆலைகளில் இன்று சுமார் பாதி தனியாருடையவை.

கரும்புக்குக் குறைந்தபட்ச விலையை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவிகிதம் சர்க்கரை தரும் கரும்புக்குக் குவிண்டால் 355 ரூபாய். கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் 15 சதவிகித வட்டி என்று 1966-ம் வருட உத்தரவு சொல்கிறது.

கூட்டுறவு ஆலையில் இது ஒரு விசித்திரமான வழக்கு! பணம் பாக்கி வைத்தது யார்? ஆலை. ஆலைக்கு முதலாளி யார்? பாக்கிக்காக வாசலில் காத்திருக்கும் விவசாயியேதான்!

சர்க்கார் விலை இருக்கும்போது கூட்டுறவு ஆலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விலை வெறும் தரைதான். அதற்கு மேல் கிடைப்பதை விவசாயிக்குப் பங்கிடும் ஆலை ஒன்று பக்கத்தில் இருந்தால், தனியார் ஆலையும் கஞ்சத்தனம் காட்டத் தயங்கும். தன் ஆலையில் கரும்பு போடாதவருக்கும் அது காவல்.

அரிவாள் பிடித்தவர்கள்

ஆனால் கரும்பை வெட்டுகிறவர்கள்?

ஒவ்வொரு பருவத்துக்கும் பீட் மாவட்டம் முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அதற்காக வெட்டுகிறார்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா'. கொய்தா என்றால் மராட்டியில் அரிவாள். கணக்கில் இரண்டு பேரும் ஓர் அரிவாள்தான்! கைக்குழந்தை வயல் ஓரத்துக் குடிசையில் கிடக்கும். அவர்கள் அந்த ஆலையின் அங்கத்தினர்கள் அல்ல. மகாசபையில் அவர்களுக்கு ஓட்டும் இல்லை.