தேறிய சோதனை ஏன் பேச வேண்டும்?

சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் மாலை நேரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். நடத்துநர்கள் பத்து இடத்தின் பெயரைக் கூவினாலும், அல்சூர் போகிறவர் காதில் அல்சூர் மட்டுமே விழும். இரவு பதினொரு மணிக்குக் கணிப்பொறித் திரை முன் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் காது வாய்ப்பதில்லை.

மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் மகனோ மருமகளோ "டெஸ்ட் ஃபெயில்" என்று சொல்லிச் சோற்றை ஆறவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். நிரல் சரியா என்று பார்க்க இன்னொரு நிரலை எழுதி ஓடவிடுகிறார்கள். அது "இதைச் செய்தேன், அதைச் செய்தேன்" என்று அடிக்கொரு வரி எழுதிவைக்கும். அதுதான் லாக். ஆயிரம் சோதனைகளில் ஒன்று தோற்றாலும், ஆயிரத்தின் பேச்சையும் புரட்ட வேண்டியிருக்கிறது.

நிறைய எழுதிவைத்தால் பாதுகாப்பு என்று நம்பும் மேலாளர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தில், முதல் சில நிமிடங்களிலேயே 100க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. அவற்றை அச்சிட்ட கணிப்பொறி ஒரு கட்டத்தில் 2 மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியது. மூடியிருக்க வேண்டிய ஒரு வால்வு திறந்தே கிடந்ததை உணரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமாயிற்று. அதைக் காட்ட வேண்டிய விளக்கே ஊழியர்களை ஏமாற்றியது என்பதும் உண்மைதான், இரைச்சலும் சேர்ந்துகொண்டது.

வழி இல்லாமலில்லை. பைத்தான் மொழியின் பைடெஸ்ட் கருவி, தேறிய சோதனையின் பேச்சை மறைத்து, தோற்றதன் பேச்சை மட்டும் காட்டும். தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதுகூட இல்லை. பலர் அதை நிறுத்திவைத்துவிட்டு அவதிப்படுகிறார்கள்! வெளியார் எழுதிய நூலகங்களை 'வார்னிங்' அளவில் அடக்கிவிட்டு, சந்தேகப்படும் நம் பகுதியை மட்டும் 'டீபக்' அளவில் பேசவிடலாம்.

அதற்காக 'எரர்' வரிகளைத் தவிர அனைத்தையும் அறுத்தெறிவதும் தவறு. பிழைக்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு நாலு வரி முன்னே, சாதுவான ஒரு வரியில் இருக்கும். முழுவதையும் ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். திரைக்கு வேண்டியது மட்டும் வரட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது, நாள்தோறும் வந்து யாரும் கண்டுகொள்ளாத எச்சரிக்கை வரிகள். "அது எப்போதும் வரும், விடு" என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம். குழுத் தலைவர்களாக இருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரம் அவற்றை எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொன்றையும் சரிசெய்யட்டும், அல்லது காரணத்தைக் குறித்துவிட்டு நீக்கட்டும்.