கட்டளைக்குள் ஒரு காதல்

தொடர் நாவல்களின் இரண்டாம் பாகத்தை நாம் பெரும்பாலும் கடமைக்காகவே வாசிக்கிறோம். முதல் பாகம் ஓர் உலகை அறிமுகம் செய்துவிடும். இறுதிப் பாகம் முடிச்சுகளை அவிழ்க்கும். இடையில் வருவதற்கு எஞ்சுவது பயணமும் காத்திருப்பும் மட்டுமே. ஹாலி பிளாக்கின் 'தி விக்கெட் கிங்' நூலையும் பெரிய எதிர்பார்ப்பேதும் இன்றியே கையில் எடுத்தோம். 2018 ஜனவரியில் வெளிவந்த 'தி குரூயல் பிரின்ஸ்' நாவலின் தொடர்ச்சியாக, ஓராண்டு கழித்து 2019 ஜனவரியில் வந்த நூல் இது. ஒரே இரவில் வாசித்து முடித்தோம் என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் ஏதுமில்லை. பதின்பருவத்தினருக்கான காதல் கற்பனைக் கதை என்று அட்டையைப் பார்த்தே ஒதுக்கிவிடும் நண்பர்கள் எதை இழக்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஃபேரிகளைத் தேவதைகள் என்று தமிழாக்கும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. தேவதை என்றதும் வெண்சிறகும் மந்திரக்கோலும் வரம் தரும் கையும் நினைவுக்கு வருகின்றன. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் மரபின் ஃபேரிகள் அத்தகையோர் அல்லர். அழகும் அச்சமும் ஒருங்கே தருபவர்கள். பெயர் சொல்லி அழைக்கவே மக்கள் தயங்கியவர்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிச் சென்று அவ்விடத்தில் வேறொன்றைக் கிடத்திவிடுபவர்கள். நம் பழைய சொற்களுள் 'அணங்கு' ஓரளவு அருகில் வரும். ஹாலி பிளாக் எடுத்துக்கொள்வது இந்தப் பழைய ஃபேரிகளைத்தான். எல்ஃபேம் என்ற நாட்டின் பெயர்கூட அவர் புனைந்ததன்று. 1576இல் ஸ்காட்லாந்தில் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற பெஸ்ஸி டன்லப்பின் விசாரணைப் பதிவிலேயே அப்பெயர் இடம்பெறுகிறது.

அந்த மரபிலிருந்து அவர் எடுத்தாளும் விதிகளுள் முதன்மையானது, ஃபேரிகளால் பொய் சொல்ல இயலாது என்பது. மறைக்கலாம், திரிக்கலாம், பாதியைச் சொல்லி நிறுத்தலாம். ஆனால் சொல்லும் சொல் பொய்யாக இருத்தலாகாது. தாமஸ் என்ற பாணனைப் பற்றிய பழைய ஸ்காட்டியக் கதைப்பாடலில், ஃபேரி அரசி அவனுக்குப் பொய்யுரைக்காத நாவைப் பரிசாக அளிக்கிறாள். (அந்த நாவை வைத்துக்கொண்டு சந்தையில் எதை வாங்குவது, எதை விற்பது என்று அவன் பதறுகிறான்!) ஹாலி பிளாக் அதைத் தலைகீழாக்குகிறார். இவருடைய கதாநாயகி ஜூட் மானிடப் பெண். ஃபேரிகளின் நாட்டில் அவளுக்கு வலிமை இல்லை, மாயம் இல்லை, நீண்ட ஆயுளும் இல்லை. அவளால் பொய் சொல்ல முடியும் என்பதே அவளுடைய படைக்கலம்.

முதல் நூலை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெற்றோரைக் கொன்ற தளபதி மடாக்கின் வீட்டிலேயே வளர்ந்தவள் ஜூட். தன்னைத் துன்புறுத்திய இளவரசன் கார்டனிடம், ஓராண்டும் ஒரு நாளும் தன் கட்டளைக்குக் கீழ்ப்படிவதாக வாக்குறுதி பெற்று, பிறகு சூழ்ச்சியால் அவனையே அரியணையில் அமர்த்துகிறாள். இரண்டாம் நூல் தொடங்கும்போது ஐந்து மாதங்கள் கழிந்துவிட்டன. அவன் அரசன், அவள் அவனுடைய அமைச்சர் போன்ற பொறுப்பில் இருப்பவள். உண்மையில் ஆள்பவள் அவள்.

நூலின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வெறுப்பில் தொடங்கிக் காதலில் முடியும் கதைகள் ஆயிரம் உண்டு. அவற்றில் இருவருக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் தவறான புரிதல். ஒரு கடிதம் உரிய நேரத்தில் சேர்ந்திருந்தால் கதையே இல்லை. இங்கே நிற்பதோ ஒரு கட்டளை. அவள் சொன்னால் அவன் செய்தாக வேண்டும். அப்படியெனில் அவன் அருகில் வருவது விருப்பத்தினாலா, வேறு வழியின்றியா? அவளுக்கும் அது தெரியாது. கதை பெரும்பாலும் ஜூட்டின் குரலில், நிகழ்காலத்தில் சொல்லப்படுவதால் நமக்கும் தெரியாது. விடுவித்துப் பார்த்தால் அன்றி அறிய வழியில்லை. விடுவித்தாலோ எல்லாம் கைவிட்டுப் போகும். காதல் கதைகளில் அதிகாரத்தை இவ்வளவு நேராக எதிர்கொண்டவை அதிகம் இல்லை என்றே எண்ணுகிறோம்.

ஹாலி பிளாக் இதோடு நின்றிருந்தால் நல்லதொரு பொழுதுபோக்கு நாவல் கிடைத்திருக்கும். நடுப்பகுதியில் ஜூட்டைக் கடலடி அரசுக்குச் சிறையாக அனுப்புகிறாரே, அங்குதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சிறைப்படுத்தியவர்கள் அவளை மாயத்தால் வசப்படுத்திவிட்டதாக நம்புகிறார்கள். முதல் நூலில் பெற்ற ஒரு வரத்தினால் அவளை எந்த மாயமும் பற்றாது. ஆயினும் உயிர் தப்ப வேண்டுமெனில் வசப்பட்டவள் போலவே நடித்தாக வேண்டும். பசித்தாலும் இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். கார்டனின் தமையன் பேலகின் இட்ட கட்டளைக்கு, அது எவ்வளவு அருவருப்பானதாயினும், உடன்பட வேண்டும். ஓர் உயிரைத் தன் சொல்லால் கட்டி வைத்தவள், கட்டுண்ட உயிர் எதை உணரும் என்பதை உடலால் அறிந்துகொள்கிறாள். ஆசிரியர் இந்த ஒப்புமையை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. ஜூட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கரை சேர்ந்த பிறகு அவள் பேச்சில் வந்துவிட்ட தயக்கத்தை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. அரசவைப் பாத்திரங்கள் பலர் பெயராகவே வந்து பெயராகவே போகிறார்கள். இரட்டைச் சகோதரி டாரின் மீண்டும் செய்யும் துரோகத்துக்குக் காரணம் போதவில்லை. ஒரு பேரரசின் அரசியல் நாலைந்து பேரின் அறைகளுக்குள் நடந்து முடிந்துவிடுவதை நம்புவதும் சற்றுக் கடினம். இவ்வகை நூல்களில் சில அறுநூறு பக்கங்களைத் தாண்டிச் செல்லும்போது, இவர் முந்நூற்றுச் சொச்சத்தில் முடிப்பதற்குக் கொடுத்த விலை இது என்று கொள்ளலாம். நமக்கு அந்த விலை சம்மதமே.

முடிவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அவள் அவனை வாக்கிலிருந்து விடுவிக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். விடுதலை பெற்றவுடன் அவன் செய்யும் முதற்காரியங்களுள் ஒன்று, எல்லார் முன்னிலையிலும் ஓர் ஆணை பிறப்பிப்பது. முதல் வாசிப்பில் அது பச்சைத் துரோகம். நாமும் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அவனை ஏசிக்கொண்டிருந்தோம். பொய் சொல்ல இயலாதவன் உரைத்த வாக்கியம் அது என்பது மறுநாள்தான் உறைத்தது. சூழ்ச்சியில் தேர்ந்த ஜூட்டே அதைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பார்க்கத் தவறுகிறாள். காயப்பட்ட மனம் நிபந்தனைகளைக் கவனிப்பதில்லை.

மூன்றாம் நூலான 'தி குவீன் ஆஃப் நத்திங்' அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அதைத் திறப்பதற்கு முன், கார்டனின் அந்த ஆணை இருக்கும் பக்கத்தை எடுத்து மறுபடியும் ஒருமுறை, இம்முறை மெதுவாக, வாசித்தோம்.