பள்ளி லேப்டாப்பின் ஆயுள்

கேரளத்தின் உதியன்குளங்கரையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால், பாறசாலையைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அந்த எல்லைக்கு இருபுறமும் ஆட்சி வேறு, பாடத்திட்டம் வேறு ஆயினும், மாணவர்களின் கல்விக்கென இரு அரசுகளும் பொதுப்பணத்தால் வாங்கித்தந்த சாதனம் ஒன்றே. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா லேப்டாப் திட்டம் பிறந்தது; கேரளத்தில் 2018 முதல் அம்மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான 'கைட்' நிறுவனத்தின் வாயிலாக 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தனை பெருமுயற்சியால் வந்த கருவி, பேட்டரி தளர்ந்த ஒரே காரணத்தால், பிளக்கை எடுத்த மாத்திரத்தில் அணைந்துபோகுமாயின், அது வருந்தத்தக்க நஷ்டம். பெரும்பாலும் தவிர்க்கத்தக்க நஷ்டமும் ஆகும்.

முழுதும் தீர்ந்த பின்னரே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்ற உபதேசம் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு உரியது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அதை உருவாக்கிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-இல் நோபல் பரிசை ஈட்டித்தந்ததுமான லித்தியம்-அயான் பேட்டரியோ சுபாவத்திலேயே வேறானது. அடிக்கடி அடியோடு தீர்ந்துபோவது அதற்குத் தீமையே. அதனினும் பெருந்தீமை, உஷ்ணமும், நூறு சதவிகிதத்திலேயே இரவும் பகலும் நிற்பதுமாகும். செல் ஒன்று 4.2 வோல்ட் வரை நிரம்பி, வெப்பமும் உடன்சேரும்போது, உள்ளிருக்கும் திரவம் மின்முனைகளோடு வினைபுரிந்து, அங்கே படியும் படலம் தடித்து, லித்தியத்தைச் சிறிது சிறிதாகச் சிறைப்படுத்துகிறது. அவ்வாறு இழந்த கொள்ளளவு மீள்வதில்லை.

பரிகாரம் எளியது. பல நிறுவனங்களின் லேப்டாப்களில் எண்பது சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு உண்டு, அதை இயக்கிவைக்கலாம். மெத்தைமீது வைத்துக் காற்றோட்டத்தை அடைக்காதிருக்கலாம். ஏப்ரல், மே மாத விடுமுறையில் அலமாரியில் பூட்டும்முன் பாதியளவு சார்ஜ் வைத்து, இடையில் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்; முற்றும் வற்றிய பேட்டரி ஜூன் மாதத்தில் உயிர்பெறாமலே போகக்கூடும்.

"தேய்ந்தால் புதியது வாங்கிக்கொள்ளலாமே" என்பார் உண்டு. கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு அந்தச் செலவு சிறிதன்று. பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தும் மத்திய விதிகள் 2022-இல் வந்திருப்பினும், அவை பேட்டரியின் ஆயுள் முடிந்தபின் உதவுவன. ஆயுளை நீட்டுவது நம் கையில் இருக்கிறது. துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலுக்கு அஞ்சிப் பிளக்கைப் பிடுங்கிவிடும் மாலைப்பொழுதில், பாடம் தடைபடாமல் காப்பதும் அந்தப் பேட்டரிதானே!

ஆகவே, வழங்கும் அரசுகளே எண்பது சதவிகித வரம்பை முன்கூட்டியே அமைத்து, பராமரிப்பு முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு உடன் தரவேண்டும். தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாகவே போதிக்கும் கேரளப் பள்ளிகள் இதற்கு ஒரு வகுப்பையேனும் ஒதுக்க வேண்டும். பொதுச்சொத்தைப் பேணும் சிரத்தையும் கல்வியின் ஓர் அங்கமே.