மனையின் எல்லையைக் கல் சொல்லுமா, கடல் சொல்லுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டியதும் வரும் பொம்மையார்பாளையத்தில் மனை வாங்கப் போகிறீர்கள். பத்திரம் சரியா இருக்கு, பட்டாவும் ஆன்லைனில் காட்டுது. போதுமா? போதாது. இந்தக் கரையில் நிலத்தின் கதியை இரண்டு கோடுகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, நாம் எஃப்எம்பி என்று சொல்லும் புலப்படத்தில் இருக்கிறது. புலத்தின் வெளி எல்லை 'எஃப் லைன்'. மூலைக் கற்களை இணைத்துப் போடும் ஆதாரக் கோடு 'ஜி லைன்'. ஜி லைனில் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் என அளந்தால் எல்லையின் வளைவுகள் கிடைத்துவிடும். ஒரு கல்லை யாராவது பிடுங்கிப் போட்டாலும், மற்ற கற்களை வைத்து சர்வேயர் அதே இடத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இரண்டாவது, உயர் அலைக் கோடு. அமாவாசை, பௌர்ணமியையொட்டி ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கடல்நீர் ஏறும் எல்லை இது. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகப் பகுதிகளில் இந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் பொதுவாகக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வசித்த இடங்களில் அது 50 மீட்டர்.

சிக்கல் எங்கே? கல் நகராது, கடல் நகரும். 1980களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை மறித்தன. அரிப்பு குப்பம் குப்பமாக வடக்கே ஏறி, பொம்மையார்பாளையத்தில் வீடுகளையும் கொண்டுபோனது. கல் கொட்டிய இடம் தப்பித்தால், அதற்கு வடக்கே உள்ள கரை கரைகிறது.

அப்போதும் சர்வேயர் உங்கள் மூலையைச் சரியாகவே காட்டுவார், அலைக்கு நடுவில்! பட்டாவில் ஒரு சென்ட்கூடக் குறையாது, தரையில்தான் குறையும்.

மனை வாங்கியவருக்குப் போவது பணம். மீனவருக்குப் போவது பிழைப்பு. படகு ஏற்றும், வலை உலர்த்தும் மணல் பெரும்பாலும் யார் பெயரிலும் பட்டா இல்லாத பொது இடம். அது கரைந்தால் கணக்குக் கேட்க ஆளில்லை.

பட்டா பார்க்கும் அதே திரையில், சர்வே எண்ணைப் போட்டதும் உயர் அலைக் கோடும் தெரிய வேண்டும். 2019 அறிவிக்கை பேரிடர் மேலாண்மைக்கு மட்டும் என ஒதுக்கிவிட்ட அபாயக் கோடும் கூடவே தெரிய வேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை, முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் சொல்லி நிலத்தை அளக்க விண்ணப்பிக்கச் சொல்லுங்க. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அந்த சர்வே எண்ணையும் தேடிப் பாருங்க.